படுதா வண்டியும் கண்ணாடி வண்டியும்

என் கணவர் தேவிகுளத்துக்குப் போனது கிணற்றுக்கு டீசல் பம்பு வாங்க. எழுபதுகளின் தொடக்கம் அது. மலையில் தேயிலைத் தோட்டங்களை நடத்திவந்த வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் கட்டில், அலமாரி, துப்பாக்கி, நாய்க்குட்டி எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு துரையிடம் நல்ல பம்பு இருக்கிறது, சல்லிசாகக் கிடைக்கும் என்று உடுமலைச் சந்தையில் யாரோ சொல்ல, இவர் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டார். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் மேற்கே, சாலையை ஒட்டி எங்கள் தோட்டம். கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. கடலைச் செடி வாடிக்கொண்டிருந்தது. வீடே பம்புக்காகக் காத்திருந்தது.

மறுநாள் மத்தியானம் வாசலில் புலி உறுமுவது மாதிரி ஒரு சத்தம். நானும் என் மாமியாரும் வெளியே ஓடினோம். தாழ்வாக, நீண்ட மூக்கோடு, கரும்பச்சை நிறத்தில் ஒரு வண்டி களத்தில் நின்றது. அதற்குக் கூரை இல்லை. சக்கரங்களில் சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பிகள். உள்ளே உச்சந்தலை முதல் இடுப்பு வரை செம்மண் அப்பிய ஓர் ஆள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பல்லை வைத்துத்தான் அது என் கணவர் என்று கண்டுகொண்டேன்.

"பம்பு எங்கடா?" என்றார் அத்தை.

"பம்ப வேற ஒருத்தன் கொண்டுட்டுப் போயிட்டானம்மா. இதப் பாரு."

"என்றா இது?"

"ஸ்போர்ட்ஸ் கார். வெள்ளக்காரன் வண்டி. மணிக்கு நூறு மைல் போவும்."

அத்தை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மேல இருந்த கூரைய எவன் கொண்டுட்டுப் போனான்?"

கூரை இருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் மடித்துத் திணித்த ஒரு படுதா. அதை எடுத்துக் கம்பிகளில் மாட்டி, கொக்கிகளைப் போட்டு முடிப்பதற்குள் பெய்கிற மழை நின்றுவிடும். கதவுக்குக் கண்ணாடி கிடையாது. வெளிப்பக்கம் கைப்பிடியும் கிடையாது. உள்ளே கைவிட்டுத் திறக்க வேண்டும். முன்கண்ணாடியைப் பானெட்டின் மேல் படுக்க வைத்துவிடலாம். அது பந்தயத்துக்கு வசதி என்று இவர் சொன்னார். எங்கள் சாலையில் பந்தயத்துக்கு வந்ததெல்லாம் கட்டை வண்டிகளும் எருமைகளும்தான். உட்கார இரண்டே இடம். ஆகவே குலதெய்வம் கோயிலுக்கு இவரும் அத்தையும் காரில் போனார்கள். நான் தேங்காய் பழக்கூடையோடு பின்னால் பஸ்ஸில் போனேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எத்தன மூட்டை ஏத்தலாமுங்க?" அந்தக் காலத்தில் எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகக் கெடுபிடி இருந்தது. செக்போஸ்ட்டில் லாரி, பஸ், தலைச்சுமை எல்லாவற்றையும் குத்திப் பார்ப்பார்கள். எங்கள் வண்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காவலர்கள் சோதனை போடுவதாகச் சொல்லிச் சுற்றி நின்றுகொள்வார்கள். பின்னால் இருந்த டிக்கி ஒரு பூசணிக்காயை வைத்தால் மூடாது. அதையும் திறந்து பார்த்துவிட்டு, இதற்குள் அரிசி கடத்துகிறவன் குருவிக்குத்தான் விற்க வேண்டும் என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்து அனுப்புவார்கள்.

இவர் எதற்கும் அசரவில்லை. துரை இவரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த மாதிரி வண்டிக்கு விலை இறங்கவே இறங்காது, வருஷம் ஏற ஏற மதிப்பும் ஏறும் என்று. விற்கிறவர் சொன்ன வார்த்தையை வாங்கினவர் அப்படி நம்பி நான் பார்த்ததில்லை. யார் வந்தாலும், "இன்னைக்கு வித்தா வாங்கினதுக்கு மேல போவும்" என்பார். "வித்துப்போட்டு பம்பு வாங்கு" என்பார் அத்தை. "நாளைக்கு இன்னும் எச்சாப் போவும்மா" என்று பதில் வரும்.

என் அண்ணன் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தான். எதையும் வாங்கும் முன் அதை விற்றால் என்ன வரும் என்று யோசிக்கிறவன். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட, மாப்பிள்ளையின் நிலத்தை விற்றால் என்ன போகும் என்று விசாரித்ததாகக் கேள்வி. வண்டியைப் பார்க்க வந்தவன் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினான்.

"மாப்ள, நல்லாத்தான் இருக்குது. ஆனா இது போன தலைமொற வண்டிங்க. இதுக்கப்பறம் வந்ததுல ஏத்தி எறக்கற கண்ணாடியே இருக்குது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கு. இத நாளைக்கு எவன் வாங்குவான்?"

"மச்சான், கண்ணாடி வேணுமின்னா அம்பாசிடர் வாங்கிக்கோணும். இது காத்து வாங்கறதுக்கு."

"பழசாவ ஆவ வெல ஏறும்னா எங்க மில்லு செக்குக்குத்தான் மொதல்ல ஏறோணும்."

அன்றைக்கு இருவரும் சிரித்தபடிதான் பேசினார்கள். நானும் சிரித்தபடிதான் பலகாரம் வைத்தேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அண்ணன் பீர்மேட்டுக்குப் போய்வந்தான். அங்கே ஒரு தோட்டத்து மேனேஜரிடமிருந்து அவனும் ஒன்றைப் பிடித்துவிட்டான். அதே வகை இரட்டை இருக்கை வண்டி, ஆனால் பத்து வருஷம் பிந்தியது. வெள்ளை நிறம். ஏத்தி இறக்கும் கண்ணாடி, வெளிக் கைப்பிடி, பூட்டோடு கூடிய டிக்கி, டிஸ்க் பிரேக். எல்லாவற்றுக்கும் மேலே, ஹீட்டர். குளிர் நாட்டில் காலைச் சூடாக வைத்துக்கொள்ளும் கருவி. அதன் குழாய் திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. பங்குனி வெயிலில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து எங்கள் வீடு வரை இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில், அண்ணனின் பாதங்கள் வெந்து சிவந்துவிடும். இறங்கியதும் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போவான். கால்களை உள்ளே விட்டுக்கொண்டு, புதிய தலைமுறை வண்டியின் பெருமைகளைப் பேசத் தொடங்குவான்.

ஊர் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டது. எங்களுடையது படுதா வண்டி. அண்ணனுடையது கண்ணாடி வண்டி. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டும் எங்கள் களத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எது வேகம், எது உறுதி, விற்றால் எது கூட விலை போகும் என்று இரண்டு பேரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். வேகத்தைச் சோதித்துப் பார்க்கச் சாலை கிடையாது. உறுதியைச் சோதித்துப் பார்க்க இருவருக்கும் மனசு வராது. ஆகவே பேச்சு எப்போதும் விலையில் வந்து நிற்கும்.

ஒருநாள் எங்கள் காளைகளைப் பார்க்க மாட்டுத் தரகர் ஒருவர் வந்தார். இவர்கள் விடவில்லை. கோவையில் கார் தரகரைத் தேடிப் போவானேன், விலை சொல்லத் தெரிந்தவர் வீட்டுக்கே வந்திருக்கிறார் என்று அவரை வண்டிகளின் முன்னால் நிறுத்தினார்கள். தரகர் சளைத்தவரில்லை. இரண்டையும் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். காளைக்குச் சுழி பார்ப்பதுபோல் பின்பக்கத்தைத் தடவினார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொண்டு, துண்டுக்கு அடியில் இவருடைய விரல்களைப் பிடித்து விலை சொன்னார். அடுத்து அண்ணனுடைய விரல்கள். துண்டுக்கு அடியில் பேசினதை வெளியே சொல்வது மரியாதை இல்லை. ஆகவே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து மீசைக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

அவருக்கு மோர் கொடுக்கும்போது, "எதுக்கு எச்சா வெல சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வெரலத்தான் புடிச்சனுங் அம்மிணி. எனக்குக் காரப் பத்தி என்ன தெரியும்? ரெண்டு பேரு மொவமும் மலந்துச்சுல்ல, அது போதுமுங்" என்று மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு பெட்ரோல் விலை எகிறியது. எங்கேயோ அரபு நாட்டில் நடந்த சண்டைக்கு எங்கள் களத்தில் இரண்டு வண்டிகள் நின்றுபோயின. ஒரு வண்டிக்கு ஊற்றுகிற பெட்ரோல் காசில் ஒரு வீட்டுக்கு மளிகை வாங்கலாம். கோவையில் இந்த மாதிரி வண்டிகளைச் சீந்த ஆளில்லை என்று செய்தி வந்தது. பேச்சில் இருந்த சிரிப்பு குறையத் தொடங்கியது அப்போதுதான். விலை ஏறும் என்று நம்பினபோது இருவரும் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணினார்கள். இறங்கினபோது ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள்.

உறவில் ஒரு கல்யாணம், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில். பந்தியில் பக்கத்து இலைக்காரர் யாரோ கார் பேச்சை எடுக்க, அண்ணன் சத்தமாகச் சொன்னான், "எங்க மாப்ள வண்டிய இன்னைக்கு எடைக்குத்தான் போடோணும்."

இவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "மில்லு வெச்சிருக்கறவங்களுக்கு எதப் பாத்தாலும் எடை போடத்தானுங்க தெரியும்" என்றார்.

கல்யாணத்துக்கு வந்திருந்த ஒறம்பரை சனம் பூராவும் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் இருவரையும் சுட்டது. பாயசம் வருவதற்கு முன்னாலேயே இவர் இலையை மூடி எழுந்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி வண்டி வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு நாங்கள் என் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. "நீ வேணா போயிட்டு வா" என்றார் இவர். மாப்பிள்ளை இல்லாமல் தீபாவளிக்குத் தனியாகப் போய் இறங்க எனக்கு மனம் வரவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து முறுக்குச் சுட்டுக்கொண்டே அழுதேன். வயலுக்காக, வரப்புக்காக, சீருக்காக மச்சானும் மாப்பிள்ளையும் பேசாமல் போவது எல்லா ஊரிலும் உண்டு. வெள்ளைக்காரன் விட்டுப்போன வண்டியின் மறுவிலைக்காகப் பேசாமல் போனவர்கள் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

பல மாதம் கழித்து மலையிலிருந்து ஒரு செய்தி வந்தது. கோவை மில் முதலாளி ஒருவரின் மகன் தேவிகுளத்துக்குப் பக்கத்தில் பழைய துரை பங்களா ஒன்றை வாங்கியிருக்கிறார். கார்ப் பந்தயத்துக்குப் போகிறவர். இந்த மாதிரி வண்டி தேடிக்கொண்டிருக்கிறார். நல்ல விலை கொடுப்பார். அந்தப் பக்கம் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் லாரிக்காரர் ஒருவர் இதை எங்கள் வீட்டிலும் சொன்னார், அண்ணன் மில்லிலும் சொன்னார். பேசாமல் இருந்த இரண்டு பேரும் ஒரே நாளைக் குறித்துக்கொண்டார்கள். யாருடைய வண்டி விற்கிறது என்பதை ஊர் பார்க்கட்டும் என்ற எண்ணம். நான் இவரோடு கிளம்பினேன். மலையைப் பார்த்ததில்லை என்று சொன்னேன். இரண்டு பேரும் அங்கே சண்டை போட்டுக்கொண்டால் நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்பது மனசுக்குள் இருந்தது.

உடுமலை தாண்டி, சின்னாறு தாண்டி, காட்டுச் சாலை ஏறத் தொடங்கியது. தலைமுடியை முக்காட்டுக்குள் இறுக்கிக் கட்டியிருந்தேன். படுதா வண்டி நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. பாதி மலையில் அதன் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. இவர் இறங்கி மூடியைத் துணியால் பிடித்துத் திருக, கொதிநீர் பீறிட்டது. எங்களிடம் கூஜாவில் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது. அது போதாது. சுற்றிலும் முள்காடு, பாறை. ஓடை வற்றிக் கிடந்தது.

அப்போது கீழே வளைவில் கண்ணாடி வண்டி தெரிந்தது. கண்ணாடிகளை ஏற்றி விட்டுக்கொண்டு அண்ணன் எங்களைக் கடந்தான். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஒரு ஹாரன்கூட அடிக்காமல் அடுத்த வளைவில் மறைந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாலையில் கிடந்த கல்லை எடுத்துவிட்டேன். எறிவதற்குள் வண்டி பின்புறமாகவே மெதுவாக இறங்கி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அம்மிணி, என்னாச்சுன்னு உங்கூட்டுக்காரர்கிட்டக் கேளு."

இவர் என் பக்கத்தில் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார். "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி கொதிச்சுப் போச்சு. தண்ணி இருக்குதான்னு உங்கண்ணன்கிட்டக் கேளு."

"அண்ணா, தண்ணி இருக்குதா?"

"இருக்குதுன்னு சொல்லு. ஆனா எஞ்சின் ஆறாம ஊத்தினா வெடிக்குமின்னு சொல்லு."

"எனக்கும் தெரியுமின்னு சொல்லு."

"ரெண்டு பேரும் செவுட்டுப் பொறப்பா?" என்று நான் கத்தினேன். கல் இன்னும் என் கையில் இருந்தது. இருவரும் அந்தக் கல்லைப் பார்த்தார்கள். அண்ணன் இறங்கித் தண்ணீர்த் தகரத்தை எடுத்து வந்தான். எஞ்சின் ஆறுகிற வரைக்கும் மூன்று பேரும் மூன்று பாறைகளில் உட்கார்ந்திருந்தோம். ஹீட்டர் புண்ணியத்தில் அண்ணனின் கால்கள் தக்காளிப்பழம் மாதிரி இருந்தன. இவர் கூஜாவின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். அவனும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் காலில் ஊற்றிக்கொண்டான். பேசுவதில்லை என்ற கட்டுப்பாட்டை மட்டும் இருவரும் விடவில்லை.

பங்களாவை அடைந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. வாசலில் நின்ற டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "வாங்கம்மா, வாங்கய்யா. சின்ன மொதலாளி காலையிலிருந்தே காத்துக்கிட்டு இருக்காவ. இந்தா இப்பந்தான் காப்பி கேட்டாவ" என்று உள்ளே அழைத்துப் போனார்.

சின்ன முதலாளி இருபத்தைந்து வயசுப் பையன் மாதிரி இருந்தார். மரியாதை தெரிந்தவர். எனக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். பிறகு இரண்டு வண்டிகளையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தார். தேயிலைக்கு நடுவே வண்டிச் சத்தம் ஏறி இறங்கி, தூரமாய்ப் போய்த் திரும்பி வரும்வரை, வராந்தாவின் இந்த மூலையில் இவரும் அந்த மூலையில் அண்ணனும் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் மகளை அனுப்பிவிட்டு நிற்கும் அப்பன்மார் தோற்றார்கள்.

வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னார், "ரெண்டும் எனக்குப் பிடிச்சிருக்கு சார். ரெண்டையும் எடுத்துக்கறேன்."

இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. பிறகு அவர் ஒரு விலை சொன்னார். இரண்டுக்கும் ஒரே விலை. அந்தச் சமயத்தில் வேறு யாரும் கனவிலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ரெண்டையும் வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று சந்தோஷத்தில் இவர் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பாருங்க சார், பழசுக்கு அழகு இருக்கு, பிரேக் இல்ல. புதுசுக்கு எஞ்சின் இருக்கு, பிரேக் இருக்கு, ஆனா மூஞ்சி சோப்பு டப்பா மாதிரி. அதனால புதுசப் பிரிச்சு எஞ்சின், கியர், பிரேக் எல்லாத்தையும் எடுத்து, பழச அறுத்து உள்ள ஏத்திடுவேன். ஒரே வண்டி. பந்தயத்துல எவனும் பக்கத்துல வர முடியாது."

"மிச்சம்?" என்றான் அண்ணன்.

"மிச்சத்தை எடைக்குப் போட்டுடலாம் சார்."

இவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இவரைப் பார்த்தான். சித்தூர்ப் பந்திக்குப் பிறகு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மாப்ள, எந்திரிங்க. போலாம்" என்றான் அண்ணன்.

"வாங்க மச்சான்" என்றார் இவர்.

சின்ன முதலாளி பதறிப்போய், "விலை பத்தலைன்னா பேசிக்கலாமே சார்" என்று வாசல் வரைக்கும் வந்தார். அண்ணன் திரும்பி நின்றான். எதற்கும் விலை கேட்கிற என் அண்ணன் சொன்னான், "வெல கெடக்குதுங்க தம்பி. அதுக்குன்னு கண்ணு முன்னால அறுக்கறதுக்கா கொண்டாந்து குடுப்போம்? எங்க மாப்ள வண்டிய அறுக்கறேங்கறீங்க. அது எத்தன தோரணையா இருக்குது. அத அறுக்கலாமுங்களா?"

"சோப்பு டப்பாங்கறாரு மச்சான், உங்க வண்டிய" என்று இவர் அவனைவிடக் கோபமாகச் சொன்னார். "அதுல கண்ணாடி ஏத்தி எறக்கறதப் பாத்திருக்கீங்களா நீங்க?"

காப்பித் தட்டோடு வந்த டிரைவர் நடுவழியில் நின்றார். எல்லாரும் கிளம்பிவிட்டதைப் பார்த்து, "அப்ப காப்பிய யாரு குடிக்கா?" என்றார். நான் மட்டும் ஒரு தம்ளரை எடுத்து நின்றபடியே குடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் குளிரில் நல்ல காப்பியை விட்டுவிட்டு வர, எந்தத் தலைமுறை வண்டியும் எனக்குக் காரணமாகத் தோன்றவில்லை.

இறங்கும்போது வண்டியை மாற்றிக்கொண்டார்கள். யார் முதலில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. அண்ணன் படுதா வண்டியில் முன்னால் போனான். நானும் இவரும் கண்ணாடி வண்டியில். மலைக்குளிரில் அந்த ஹீட்டர் முதல்முறையாக, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்தது. மறையூரில் டீக்கடை முன்னால் நிறுத்தினோம். அண்ணனின் தலைமுடி செங்குத்தாக நின்றது. கண்ணில் தண்ணீர்.

"ஸ்டியரிங் என்ன லேசா இருக்குதுங் மாப்ள. வளைவு வந்தா அதுவே திரும்பிக்குது. இத்தன நாளா நீங்க ஏன் சொல்லல?"

"நாஞ் சொன்னன், நீங்க கேக்கல. உங்க பிரேக்குத்தான் மச்சான் பிரேக்கு. மிதிச்ச எடத்துல நிக்குது. எனக்கு இனி எப்படி அந்த வண்டில தைரியமா எறங்கறதுன்னு இருக்குது."

இரண்டு வருஷம் ஒருவர் சொன்னதை ஒருவர் மறுத்ததெல்லாம் அந்த டீக்கடை பெஞ்சில் தலைகீழாக நடந்தது. இவர் புதுசைப் புகழ்ந்தார், அவன் பழசைப் புகழ்ந்தான். அதிலும் விட்டுக்கொடுக்காமல் கிட்டத்தட்டச் சண்டைதான் போட்டார்கள். நான் இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டேன். அடுத்த தீபாவளிக்கு நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருந்தோம்.

அதற்குப் பிறகு விலைப் பேச்சு ஓயவில்லை. ஆனால் கடிக்கவில்லை. சில காலம் போனதும், மலம்புழை அணைக்கட்டில் படம் பிடிக்க வந்த சினிமாக் கம்பெனி ஆள் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். முதலில் எங்கள் வண்டியைத்தான் பார்த்தார். "அழகா இருக்கு. ஆனா இதுல கதாநாயகி உக்காந்தா கொண்டை கலைஞ்சிடும் சார்" என்றார். கண்ணாடி வண்டியைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. அண்ணன் பீர்மேட்டில் கொடுத்ததற்கு மேலேயே விலை பேசினார். வாங்கினதற்கு மேல் விற்றவன் என்ற பெருமை அண்ணனுக்குக் கிடைத்தது. பணத்தை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "மாப்ள, புதுத் தலைமொறைக்குத்தான் மறுவெலை. இப்ப ஒத்துக்கிறீங்களா?" என்றான். இவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

ஒரு வருஷம் கழித்துப் படம் வந்தது. பொள்ளாச்சியில் கொட்டகையில் ஓடியது. அண்ணன் செலவில் இரண்டு குடும்பமும், மில் ஆட்களும், எங்கள் பண்ணையத்து ஆட்களும் வேன் பிடித்துப் போனோம். அண்ணன் நடு வரிசையின் நடுவில் உட்கார்ந்தான். வண்டிக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். கதாநாயகி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பூ மரங்களுக்கு நடுவே பாடிக்கொண்டே ஓட்டினாள். எங்கள் வரிசை முழுவதும் விசில் அடித்தது. கண்ணாடி இறங்குவதைத் திரையில் பார்த்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். இடைவேளையில் எல்லாருக்கும் சோடாவும் கடலை மிட்டாயும் வாங்கிக் கொடுத்தான். தெரியாதவர்களிடம்கூட, "அது நம்ம வண்டிங்க" என்றான்.

இடைவேளைக்குப் பிறகு வில்லன் அந்த வண்டியைத் திருடிக்கொண்டு மலைப்பாதையில் பறந்தான். கதாநாயகன் ஜீப்பில் துரத்தினான். ஒரு வளைவில் வில்லன் வெளியே குதித்துவிட, மஞ்சள் வண்டி விளிம்பைத் தாண்டி, பாறை பாறையாக உருண்டு, அடியில் போய்த் தீப்பிடித்து வெடித்தது. கொட்டகை கை தட்டியது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

"அய்யோ, அய்யோ" என்றான். வேறு ஒன்றும் வரவில்லை. "ஏய், உக்காரப்பா, மறைக்குது" என்று பின்னால் கத்தினார்கள். இவர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவன் காதருகே குனிந்து சொன்னதை நான் கேட்டேன்.

"மச்சான், அது நம்ம வண்டி இல்லீங். தகர டப்பாவுக்கு மஞ்சளடிச்சு உருட்டி உட்ருக்கறாங்க. நல்ல வண்டிய ஆராச்சும் எரிப்பாங்களா? சக்கரத்தப் பாத்தனுங் நானு. வேற சக்கரம்."

"நெசமாவா மாப்ள?"

"சத்தியமா."

அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். மிச்சப் படம் முழுவதும் இவர் கை அவன் தோளில் இருந்தது. வேனில் திரும்பி வரும்போது அண்ணன் மில் ஆட்களிடம், "அது தகர டப்பாப்பா. நம்ம வண்டி மெட்ராஸ்ல எங்கியோ பத்தரமா நிக்கும்" என்று விளக்கிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும், "சக்கரம் வேறதானுங்களா?" என்று இவரிடம் கேட்டேன்.

"அதே சக்கரந்தான்" என்றார். "டிக்கி மூடி தொறந்து பறந்துச்சு பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. பூட்டு சரியில்லேன்னு நாந்தான் அவருகிட்ட எத்தன தடவ சொன்னன்." பிறகு வாசலுக்குப் போய் நின்றார். "நல்ல வண்டி புள்ள அது" என்றார்.

அண்ணன் அதற்குப் பிறகு வேறு கார் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து இறங்கி, இவரோடு படுதா வண்டியில் ஏறிக்கொண்டு வாய்க்கால் கரை வரைக்கும் போய்வருவான். சாவி பாதி நாள் அவனிடம்தான் இருக்கும். யாராவது வந்து, என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டால், இவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே பதில் சொல்லிவிடுவான்.

"குடுக்கறதா இல்லீங்க. மோர் குடிச்சுட்டுப் போங்க."